இரத்தம் நம்முடையது, கணக்கு யாரிடம்?

சரக்கில் குறை இருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும். மறைத்து விற்றால் அந்தக் காசு ஹலால் ஆகாது. கடைத்தெருவில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் பாடம் நடத்தத் தேவையில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பொட்டலம் மடிக்கும் வயதிலேயே தெரிந்து கொள்கிறார்கள்.

இதே விதி மருந்துக் கம்பெனிகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் உண்டா? ஒரு புதிய மருந்தை மனித உடலில் செலுத்திப் பார்க்கும்போது, ஒருவருடைய இரத்தத்தை எடுத்து அதிலுள்ள மரபணுவைப் படிக்கும்போது, "இது பரிசோதனை, இதில் இன்ன ஆபத்து இருக்கிறது, விருப்பமில்லை என்றால் நீங்கள் போகலாம்" என்று சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லையா? உண்டு. சட்டத்தில் உண்டு, உலக நாடுகளின் ஒப்பந்தங்களிலும் உண்டு. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுவோம். மருந்துப் பரிசோதனையே கூடாது என்று வாதாடுவது நம் நோக்கமல்ல. இன்று நம் வீடுகளில் இருக்கும் ஒவ்வொரு மாத்திரையும் யாரோ சிலர் முதலில் உட்கொண்டு பார்த்த பிறகே கடைக்கு வந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் ஏழை நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1959-ல் உலகுக்கு நிரூபித்தது. சானடோரியத்துக்குப் பணம் கட்ட வழியில்லாத கோடிக்கணக்கான ஏழைகள் அதனால் பிழைத்தார்கள். ஆராய்ச்சி என்றால் இப்படியும் இருக்க முடியும். ஆனால் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அதற்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், எழுத்தறிவில்லாதவர்கள், கேட்பாரற்றவர்கள்.

கானோவில் நடந்தது என்ன?

நைஜீரியாவின் வட பகுதியில் உள்ள பழம்பெரும் வணிக நகரம் கானோ. சகாரா பாலைவனத்தைக் கடந்து வந்த ஒட்டகக் கூட்டங்கள் தோலையும் துணியையும் உப்பையும் மாற்றிக் கொண்ட சந்தை அது. அங்குள்ள மக்களில் பெரும்பாலோர் ஹௌஸா மொழி பேசும் முஸ்லிம்கள். 1996-ல் அந்தப் பகுதியை மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகத் தாக்கியது. நைஜீரியாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றனர். ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். கானோ தொற்றுநோய் மருத்துவமனை குழந்தைகளால் நிரம்பி வழிந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் அதே வளாகத்தில் குளோராம்பெனிகால் என்ற மருந்தை இலவசமாகக் கொடுத்துச் சிகிச்சை செய்து கொண்டிருந்தனர்.

அந்த வேளையில் அமெரிக்காவின் ஃபைசர் கம்பெனி அங்கே வந்து சேர்ந்தது. அதன் கையில் 'ட்ரோவன்' என்ற புதிய மருந்து இருந்தது. இன்னும் விற்பனைக்கு அனுமதி பெறாத மருந்து. வளரும் விலங்குகளின் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கக் கூடியவை என்று அறியப்பட்ட மருந்து வகையைச் சேர்ந்தது. 200 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 100 பேருக்கு ட்ரோவன். மற்ற 100 பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்க செஃப்ட்ரையாக்ஸோன் என்ற பழைய மருந்து. 11 குழந்தைகள் இறந்தனர். புதிய மருந்து சாப்பிட்டவர்களில் ஐவர். பழைய மருந்து பெற்றவர்களில் அறுவர். பிழைத்தவர்களில் சிலர் செவிடாகவும் பார்வையிழந்தும் கைகால் முடங்கியும் போனதாகப் பெற்றோர் முறையிட்டனர். சில வாரங்களில் கம்பெனிக் குழு பெட்டியைக் கட்டிக் கொண்டு கிளம்பிவிட்டது.

கம்பெனியின் தரப்பையும் கேட்க வேண்டும். ஒரு பக்கக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கமல்ல. "நைஜீரிய அரசுக்குத் தெரிந்தே செய்தோம். பெற்றோரிடம் தாதிகள் மூலம் வாய்மொழியாகச் சம்மதம் பெற்றோம். கொள்ளைநோயில் இறந்தவர்களின் விகிதத்தைவிட எங்கள் பரிசோதனையில் இறந்தவர்களின் விகிதம் குறைவு. குழந்தைகளைக் கொன்றதும் முடக்கியதும் நோயே தவிர மருந்தல்ல" என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். மூளைக்காய்ச்சல் உயிரைப் பறிக்கும், செவிப்புலனைப் பறிக்கும் என்பது உண்மைதான். எந்தக் குழந்தை நோயால் இறந்தது, எந்தக் குழந்தை மருந்தால் இறந்தது என்று இன்று எவரும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் நாம் கேட்பது வேறு கேள்வி. தன் குழந்தைக்குக் கொடுக்கப்படுவது பரிசோதனை மருந்து என்பது அந்தத் தாய்க்குத் தெரியுமா? பக்கத்துக் கூடாரத்தில் பல காலமாகப் பழக்கத்தில் உள்ள மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, வேண்டுமானால் அங்கே போகலாம் என்று அவளிடம் எவராவது சொன்னார்களா? தெரியாது, சொல்லவில்லை என்றே பெற்றோர் சொன்னார்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் பத்திரங்களைக் கம்பெனியால் காட்ட முடியவில்லை. பழைய மருந்தை வேண்டுமென்றே குறைந்த அளவில் கொடுத்து, புதிய மருந்தை உயர்த்திக் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. கம்பெனி அதை மறுத்தது.

மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததாக 1996 மார்ச் 28 தேதியிட்ட ஒரு கடிதம் காட்டப்பட்டது. பின்னர் விசாரித்தபோது, அந்தத் தேதியில் அங்கே நெறிமுறைக் குழு என்ற ஒன்றே இருக்கவில்லை என்று தெரிய வந்தது! தேதியை முன்னே போட்டுப் பிறகு எழுதிய கடிதம். கடை வரவு செலவுக் கணக்கில் இப்படி ஒரு பில் இருந்தால் விற்பனை வரி அதிகாரி சும்மா விட்டிருப்பாரா?

2000 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இவற்றை அம்பலப்படுத்தியது. நைஜீரிய அரசு அமைத்த மருத்துவ நிபுணர் குழு, அனுமதியற்ற மருந்தைக் கொண்டு நடந்த சட்டவிரோதப் பரிசோதனை என்று 2001-ல் முடிவு செய்தது. அந்த அறிக்கையோ வெளியிடப்படாமல் அலமாரியில் தூங்கியது. 2006-ல்தான் அதே பத்திரிகை மூலம் வெளியே வந்தது. அறிக்கையை மறைத்தவர்கள் அமெரிக்கர்கள் அல்லர். சொந்த நாட்டு ஆட்சியாளர்களே. அந்நியக் கம்பெனியைத் திட்டும்போது இதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

ட்ரோவன் என்ன ஆயிற்று? 1997 டிசம்பரில் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்குக் கிடைக்கவே இல்லை. ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் 1999-ல் அங்கே கடும் கட்டுப்பாடு வந்தது, ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாத மருந்தைக் கானோவின் குழந்தைகள் முதலில் சாப்பிட்டுப் பார்த்தார்கள்.

நீதிமன்ற வாசலில்

2001-ல் கானோ குடும்பங்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. வழக்கு இங்கே நடத்தத் தக்கதல்ல என்று கீழ் நீதிமன்றம் தள்ளியது. குடும்பங்கள் விடவில்லை. 2009 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. சம்மதமின்றி மனிதர் மீது மருத்துவப் பரிசோதனை நடத்தக் கூடாது என்பது உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற சட்டநெறி. அதை மீறியதாக ஒரு தனியார் கம்பெனி மீதும் வழக்குத் தொடரலாம் என்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜி மருத்துவர்களை விசாரித்த நீதிமன்றம் 1947-ல் வகுத்த நியூரம்பெர்க் நெறிகளையும், 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனத்தையும், குடிமை அரசியல் உரிமைகள் பற்றிய உலக ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவையும் அந்தத் தீர்ப்பு அடிப்படையாகக் கொண்டது. அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் 1979-ல் சேர்ந்திருக்கிறது.

அதே 2009-ல் கானோ மாநில அரசுடன் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 7.5 கோடி டாலர். குற்றத்தை ஒப்புக் கொள்ளாமலேயே கொடுத்த பணம். அதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது 3.5 கோடி டாலர். 2011 ஆகஸ்டில்தான் முதல் நான்கு குடும்பங்களுக்குத் தலா 1,75,000 டாலர் கைக்கு வந்தது. குழந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்!

இதில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. வேறொரு வழக்கில், நைஜீரிய மக்களே எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் மீது தொடுத்த வழக்கில், 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைப் பெருமளவு சாத்திவிட்டது. வெளிநாட்டில் நடந்த அநீதிக்கு அமெரிக்க மண்ணில் வழக்காடுவது இனி மிகக் கடினம். ஆகவே யாரோ எங்கோ நமக்கு நீதி வாங்கித் தருவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. சொந்த நாட்டுச் சட்டமும், அதைத் தெரிந்து வைத்திருக்கும் சொந்த நாட்டு மக்களுமே பாதுகாப்பு.

போலியோ கேட்ட விலை

கானோ கதை அத்துடன் முடியவில்லை. 2003-ல் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்தவர்களைக் கானோ மக்கள் திருப்பி அனுப்பினார்கள். "இதில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறது" என்று பேச்சுக் கிளம்பியது. மார்க்கத் தலைவர்கள் சிலரும் அதைச் சொன்னார்கள். மாநில அரசும் திட்டத்தை நிறுத்தி வைத்தது. அந்தப் பேச்சில் உண்மை இல்லை. ஆனால் மக்கள் ஏன் நம்பினார்கள்? ஏழாண்டுகளுக்கு முன் வெள்ளைக் கோட்டுடன் வந்தவர்கள் தங்களிடம் எதையும் சொல்லாமல் போனதை அவர்கள் மறக்கவில்லை. ஒரு முறை கள்ளத் தராசு பிடித்தவன் மறுநாள் சரியாக நிறுத்தாலும் ஊர் நம்புமா?

விளைவு கொடுமையானது. தடுப்பு மருந்து ஏறத்தாழ ஓராண்டு நின்றது. நைஜீரியாவிலிருந்து கிளம்பிய போலியோக் கிருமி சுமார் இருபது நாடுகளுக்குப் பரவியது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த இந்தோனேசியாவில் 2005-ல் முந்நூறு குழந்தைகள் வரை முடங்கினார்கள். முஸ்லிம் குழந்தைகளைக் காப்பதாகச் சொல்லி நிறுத்திய மருந்து, கடைசியில் முஸ்லிம் குழந்தைகளின் கால்களையே பறித்தது. 2004-ல் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்த பிறகே கானோ மீண்டும் சம்மதித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து இயற்கைப் போலியோக் கிருமி ஒழிந்தது என்று அறிவிக்க 2020 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் இதே வதந்தி பரவியது; கதவுகள் சாத்தப்பட்டன. ஆனால் இங்கே உலமாக்களும் அலிகர், ஜாமியா மில்லியா போன்ற பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் களத்தில் இறங்கினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் சொட்டு மருந்து நாள் அறிவிக்கப்பட்டது. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் ஒரு குழந்தைக்கும் இயற்கைப் போலியோ வரவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சமுதாயத்தைக் கேட்டு, மதித்து, கூட அழைத்துச் சென்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

நம்பிக்கையைக் கெடுப்பவர்களோ எந்தப் பாடமும் படிப்பதாகத் தெரியவில்லை. 2011-ல் பாகிஸ்தானின் அப்போதாபாத்தில் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் டி.என்.ஏ. சேகரிக்க அமெரிக்க உளவுத்துறை முயன்றது. தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்க வெள்ளை மாளிகை 2014-ல் உறுதி கூற நேர்ந்தது. அதற்குள் பாகிஸ்தானில் போலியோ ஊழியர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். சுட்டவர்களின் குற்றம் சுட்டவர்களுடையது. ஆனால் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியவர்களும் கணக்குச் சொல்ல வேண்டியவர்களே.

கம்மம் மாணவிகள்

கானோ எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒன்று 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. 'பாத்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி மாணவிகள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானதும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றது அரசு விசாரணை.

ஆனால் ஒப்புதல் படிவங்களைப் புரட்டியபோது வேறோர் உண்மை வெளிவந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 1,948-ல் கைநாட்டு. 2,763-ல் கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர்! பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் தகவலே இல்லாமல் வார்டன் எப்படிச் சம்மதம் கொடுக்கலாம்? 2013 ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்தத் தடுப்பூசி இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது, புற்றுநோயைத் தடுக்கிறது. சரக்கு நல்லதே. விற்ற விதம் கெட்டது. அதனால் நல்ல சரக்கின் மீதும் மக்களுக்குப் பல ஆண்டுகள் சந்தேகம் ஒட்டிக் கொண்டது.

2005-க்கும் 2012-க்கும் இடையே இந்தியாவில் நடந்த மருந்துப் பரிசோதனைகளில் 2,644 பேர் இறந்ததாக மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் 80 பேரின் இறப்புக்கு மட்டுமே பரிசோதனை காரணம் என்றும் சொன்னது. கொடிய நோயுற்றவர்களே பெரும்பாலும் இப்பரிசோதனைகளில் சேர்கிறார்கள் என்பதால் எல்லா இறப்பையும் மருந்தின் தலையில் போட முடியாது. ஆனால் காரணம் எது என்று தீர்மானிப்பவர் யார்? அந்தக் கேள்விக்குத்தான் வழக்குப் போட வேண்டி வந்தது.

சென்னையிலும் ஒரு சம்பவம். 2020-ல் கொரோனாத் தடுப்பூசிப் பரிசோதனையில் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர், தமக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதாகக் கூறி 5 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தடுப்பூசி காரணமல்ல என்று விசாரித்தவர்கள் கூறினர். அவர்கள் கூறியது சரியாகவே இருக்கலாம். ஆனால் கம்பெனி என்ன செய்தது? 100 கோடிக்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்று அறிவித்தது! புகார் சொன்னவனுக்கு இதுதான் பதில் என்றால், நாளை எந்த ஏழை வாய் திறப்பான்?

ஒருவர் கொடுத்தால் குடும்பமே கொடுத்த மாதிரி

மருந்தின் விளைவு அதைச் சாப்பிட்டவரின் உடலோடு நிற்கும். மரபணு அப்படியல்ல. நான் கொடுக்கும் ஒரு துளி இரத்தத்தில் என் தகப்பனாரும் இருக்கிறார். என் சகோதரியும் இருக்கிறாள். பிறக்கப் போகும் பேரனும் இருக்கிறான். ஒருவர் கையெழுத்திட, ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் கை மாறுகிறது. சிறிய சமுதாயமாக இருந்தால் ஊரின் அந்தரங்கமே கை மாறுகிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற சிறிய பழங்குடி வாழ்கிறது. அவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். அதை ஆராய்வதாகச் சொல்லி 1990 முதல் ஒரு பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தனர். அதே இரத்தத்தைக் கொண்டு மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணம், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்பதெல்லாம் ஆராயப்பட்டது. கொடுத்தவர்களுக்குச் சொல்லவே இல்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2010-ல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. ஒரு காரியத்துக்காக ஒப்படைத்த அமானிதத்தை வேறு காரியத்துக்கு எடுத்துக் கொள்வது துரோகம் என்று நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். அந்தப் பழங்குடி மக்களின் வழக்கும் அதே நியாயத்தைத்தான் கேட்டது.

சீனாவின் சின்ஜியாங்கில் நடந்தது இதைவிட மோசம். 'அனைவருக்கும் உடல் பரிசோதனை' என்ற இலவச மருத்துவத் திட்டத்தின் பெயரில், 12 முதல் 65 வயது வரையிலான மக்களின் டி.என்.ஏ.வும் இரத்த வகையும் சேகரிக்கப்பட்டதை 2017-ல் மனித உரிமை அமைப்பு ஒன்று வெளிப்படுத்தியது. அவர்களில் உய்குர் முஸ்லிம்களும் உண்டு. உண்மையான சம்மதம் இருந்ததா என்ற ஐயத்தால் உய்குர்களின் மரபணு பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றை அறிவியல் இதழ்களே திரும்பப் பெற்றன. டி.என்.ஏ. கருவிகள் விற்ற அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2019-ல் சின்ஜியாங்கிற்கு விற்பதை நிறுத்திக் கொண்டது.

மரபணு ஆராய்ச்சியால் நன்மையும் உண்டு. சவூதி அரேபியாவில் 2004 முதல் திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை கட்டாயம். தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை நோய்கள் பிள்ளைகளுக்கு வருமா என்று மணமக்கள் முன்கூட்டியே அறிந்து கொள்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் தமிழகத்துக்கும் அத்தகைய அறிவு தேவையே. 1998 அக்டோபரில் குவைத்தில் மருத்துவர்களும் ஃபிக்ஹு அறிஞர்களும் கூடி மரபணு ஆராய்ச்சியைப் பற்றி விவாதித்தபோதும் கதவைச் சாத்தவில்லை. சம்மதம் வேண்டும், இரகசியம் காக்கப்பட வேண்டும், தீங்கை முன்கூட்டியே எடைபோட வேண்டும் என்று நிபந்தனை வகுத்தார்கள்.

நம் நாட்டில் நிலைமை என்ன? பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படிக்கும் அரசுத் திட்டம் முடிந்து, 2025 ஜனவரியில் அதன் தகவல்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் மரபணுத் தகவலுக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2019-ல் கொண்டு வந்த டி.என்.ஏ. மசோதா 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. 2023-ன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் ஆராய்ச்சிக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கிறது. மறுபக்கம், 2022-ல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டம் கைது செய்யப்பட்டவர்களிடமிருந்து உயிரியல் மாதிரிகளை எடுக்கவும், பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கவும் வழி செய்கிறது. ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமாகவும், பெண்கள் குழந்தைகளுக்கு எதிரான குற்றமல்லாததாகவும் இருந்தால், கைதானவர் உயிரியல் மாதிரி கொடுக்க மறுக்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. இந்த விலக்கை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

கையில் இருக்கும் ஆயுதம்

சட்டமே இல்லை என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தை நாம் படிக்கவில்லை என்பதே உண்மை. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகள் என்ன சொல்கின்றன?

பரிசோதனையில் சேருபவருக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒப்புதல் பத்திரத்தின் நகலை அவரிடம் கொடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகிக் கொள்ளலாம். அதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் நஷ்டஈடும் உண்டு. இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் 2009 முதல் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட வேண்டும். அதை யாரும் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர். அவர்களில் பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்ட நிபுணர், ஒரு சாதாரணக் குடிமகன் கட்டாயம். இவர்களோடு சமூகவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, தத்துவ அறிஞர், மார்க்க அறிஞர் போன்றோரில் ஒருவர் இடம்பெற வேண்டும். ஆம், மார்க்க அறிஞருக்கும் அந்த மேசையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறது சட்டம்! நம்மில் எத்தனை ஆலிம்கள், எத்தனை வழக்கறிஞர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

நாம் செய்ய வேண்டியது

வணிகப் பெருமக்களே! நம் மஹல்லாக்களில் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களுக்குப் பந்தலும் சாப்பாடும் ஏற்பாடு செய்பவர்கள் நீங்கள். அது ஸதக்காவாக எழுதப்படட்டும். ஆனால் முகாமுக்கு அனுமதி கொடுக்கும் முன் ஜமாஅத் சில கேள்விகளைக் கேட்கட்டும். எடுக்கும் இரத்தம் எந்தப் பரிசோதனைக்கு? மீதி இரத்தம் என்ன ஆகும்? ஆராய்ச்சிக்குப் போகிறது என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? முடிவு நோயாளிக்குத் தெரிவிக்கப்படுமா? அவருடைய பெயரும் விவரமும் யாரிடம் இருக்கும்? நேர்மையான மருத்துவர் இவற்றுக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். முகம் சுளிப்பவருக்குப் பந்தல் போட வேண்டியதில்லை. காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மரபணுக் கோளாறு என்று காரணம் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 2018-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

இளைஞர்களே! பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்தால் கைநிறையப் பணம் என்று தரகர்கள் வருவார்கள். கடன் தொல்லையில் இருப்பவனுக்கு அது பெரிய தொகையாகத் தோன்றும். பதிவெண் என்ன, நெறிமுறைக் குழு எது, பத்திரத்தின் நகல் எங்கே என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் மருந்து சாப்பிடப் போகாதீர்கள். ஈரலும் சிறுநீரகமும் கடைச் சரக்கு அல்ல, தீர்ந்தால் வாங்கி நிரப்ப முடியாது. படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். மருந்தியல், சட்டம், உயிரியல் படித்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் என்ன பரிசோதனை நடக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்து ஊருக்குத் தமிழில் சொல்லட்டும்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கையும் இதுவே. மரபணுத் தகவலுக்குத் தனிச் சட்டம் வேண்டும். ஆராய்ச்சிக்குக் கொடுத்த இரத்தம் காவல்துறைக்கோ காப்பீட்டுக் கம்பெனிக்கோ போகாது என்று அந்தச் சட்டம் உறுதி கூற வேண்டும். பரிசோதனை இறப்புகளின் காரணத்தை, அந்தக் கம்பெனியிடம் பணம் பெறாத நிபுணர்கள் தீர்மானித்து, முழு அறிக்கையையும் வெளியிட வேண்டும். இது முஸ்லிம்களுக்கான கோரிக்கை மட்டுமல்ல. கம்மம் விடுதியில் கை நீட்டிய பழங்குடிச் சிறுமிக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

கேள்வி கேட்காமல் கை நீட்டியதால் கானோ குழந்தைகளைப் பலி கொடுத்தது. பின்பு கேள்வியே கேட்காமல் கதவைச் சாத்தியதால் மீண்டும் குழந்தைகளைப் பலி கொடுத்தது. இரண்டு தவறும் நமக்கு வேண்டாம். மருந்தை வாங்குவோம், ஆராய்ச்சிக்கும் உதவுவோம். ஆனால் கணக்கைக் கேட்டு, சரிபார்த்து, நகலைக் கையில் வாங்கிக் கொண்ட பிறகே கையெழுத்துப் போடுவோம்.